மஹாலா அளவு

இல்லை. மஹாலா டொமினி ஒரு முழம் நூல்கூடத் திருடவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சை எழுதிக்கொள்ள வந்திருக்கிறீர்களே, முதலில் இதை எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் லவீனியாவின் பேத்தி ஐவி அங்கே புது ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"ஐயே, மஹாலா அளவு!" என்றாள். கடையே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் மஹாலாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் மீன்பிடி ஊரான கில்லிக் துறையில் எது சின்னதாகப் போனாலும் அதற்குப் பெயர் மஹாலா அளவு. காலைக் கடிக்கிற பூட்ஸ் மஹாலா அளவு. தட்டில் விழுகிற மீன்துண்டு சிறுத்துப்போனால் மஹாலா அளவு. போன கோடையில் பாதிரியார்கூடப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, "இன்னிக்கு மஹாலா அளவுதான்" என்று பல்லைக் காட்டினார்.

நான் மண்ணெண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"ஐவி, மஹாலா யாருன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியாம என்ன, ரோடா பாட்டி? நூல் திருடி. ஊர்க்காரங்க குடுத்த கம்பளியில சின்னச் சின்னதாப் பின்னிக் குடுத்துட்டு, மிச்சத்தை வித்துத் தின்னவ. கடைசியில தபால் கப்பல் சமையக்காரனோட ஓடிப்போயிட்டா. எங்கிட்ட கேக்குறீங்களே, உங்க வீட்டுக் கதைதானே இது? அசரியா தாத்தா விரல் போனது அவளாலதானே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனசு புண்பட்டிருக்கும் என்று நினைத்தாள். புண்பட்டதுதான். அவள் நினைத்த இடத்தில் இல்லை.

அந்தச் சமையல்காரன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவன் மஹாலாவின் தோளுக்குக்கூட வரமாட்டான். அவள் கப்பல் ஏறியபோது அவளுடைய மூட்டையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, அவளே தூக்கிக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான். அதைக் கரையில் நின்று லவீனியா பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் வாயாலேயே கல்யாணம் நடத்தி வைத்துவிட்டாள்.

மஹாலா நல்ல உயரம். மண்ணால் செய்த புகையிலைப் பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே இருப்பாள். பாதி நேரம் அதில் புகையிலை இருக்காது. புருஷன் கல்யாணமான மூன்றாம் வருடமே கடலோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. நாலு ஆடு, ஒரு உருளைக்கிழங்குப் பாத்தி, பின்னல் ஊசிகள். வாய் மட்டும் பொல்லாதது. அவளிடம் போய் "எப்படி இருக்கே மஹாலா?" என்று கேட்டால், "நீ வர்றவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்பாள். சொல்லிவிட்டு, பொரித்த ரொட்டியில் வெல்லப்பாகை ஊற்றி முன்னால் வைப்பாள்.

எங்கள் கரை பனிக்காலத்தில் உறையாது. அதனால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆண்கள் படகில் பாயை விரித்துக்கொண்டு காட் மீன் பிடிக்கப் போவார்கள். அந்தக் காற்றில் பாய்க்கயிற்றைப் பிடித்திருக்கிற கைதான் ஒரு வீட்டுக்குச் சோறு. ஊரின் முப்பது ஆண்களுக்கும் மஹாலாதான் கையுறை பின்னினாள். வீட்டுக்கு வீடு ஆட்டுக் கம்பளியை நூற்றுக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவள் பின்னித் தருவாள். கூலியாக விறகோ மீனோ, யாருக்கு எது முடியுமோ அது.

அவள் அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். கையை மேசைமேல் விரிக்கச் சொல்வாள். ஒரு நூலை எடுத்து மணிக்கட்டிலிருந்து ஓட்டுவாள். கட்டைவிரல் பிரிகிற இடத்தில் ஒரு முடிச்சு. நடுவிரல் நுனியில் ஒரு முடிச்சு. அதற்கு மேலே தன் சுண்டுவிரலைக் குறுக்கே வைத்து இன்னொரு முடிச்சு. அந்த மூன்றாம் முடிச்சுதான் விஷயம்.

"கை அளவுக்குப் பின்னினா அது கையுறை இல்ல, கட்டு" என்பாள். "எல்லாம் சுருங்கி முடிஞ்ச பிறகும் உள்ள ஒரு விரல் காத்து நிக்கணும். அந்தக் காத்துதான் சூடு. நான் பின்றது அந்தக் காத்துக்கு ஒரு வேலி."

ஆளுக்கு ஒரு நூல். அடுப்புக்குப் பின்னால் ஒரே ஆணியில் முப்பது நூல்கள் தொங்கும். எது யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். இதுதான் உண்மையான மஹாலா அளவு. உன் கையும், அதற்கு மேல் ஒரு விரலும். ஊர் எதைக் குறைவு என்று சொல்லிச் சிரிக்கிறதோ அவள் அதைக் கூட்டித்தான் கொடுத்தாள்.

நான் இந்தத் துறையில் பிறந்தவள் இல்லை. விரிகுடாவின் உள்கோடியில், ஆறு வந்து விழுகிற இடத்தில், அப்பா மரம் வெட்டினார். பத்தொன்பது வயதில் அசரியாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அது இலையுதிர் காலம். வந்த இரண்டாம் வாரம் அசரியா என்னையும் கூட்டிக்கொண்டு மஹாலா வீட்டுக்குப் போனான். பின்னி முடித்து இன்னும் சுருக்காத கையுறை ஒன்று அவள் மடியில் கிடந்தது. என் முகத்தையே உள்ளே விட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பெரிது.

"இது கைக்கா, இல்ல குதிரைத் தலைக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மஹாலா பைப்பை எடுத்தாள். "அசரியா, இதை எங்கடா புடிச்சே?"

"உள்கோடியில, அத்தை."

"அப்படிச் சொல்லு. காட்டுக் குருவி. வாய் இருக்கு, கடல் தெரியாது." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "கத்துக்குவ. உக்காரு, ரொட்டி தின்னு."

அந்த ராட்சசக் கையுறையைக் கடல்தண்ணீரில் முக்கி, பாறைமேல் போட்டு மிதிப்பாள். பிழிவாள், காற்றில் ஆறப்போடுவாள், மறுபடி கடல், மறுபடி மிதி. ஆட்டின் நெய்ப்பிசுக்கு அதிலேயே இருக்கும், விடமாட்டாள். மெதுவாகச் சுருங்கி, நூல் நூலாகத் தெரிந்தது ஒரே தோலாகிவிடும். ஆண்கள் படகில் ஏறியதும் அதைக் கடலில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, ஈரமாகவே மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் தட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி பறக்கும்.

எங்கள் காட்டில் இது தலைகீழ். ஈரக் கையுறை போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போனால் விரலோடு திரும்ப முடியாது. அம்மா ஒவ்வொரு நாளும் அப்பாவின் கையுறையை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஆசை என்றால் எங்கள் வீட்டில் அதுதான். கையில் இறுக்கமாக, உலர்ந்து, சுடச்சுட இருக்கிற கையுறை.

பிப்ரவரியில் அசரியாவின் பழைய ஜோடி உள்ளங்கையில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மஹாலா புது ஜோடியைக் கொண்டுவந்தாள். அசரியா வலை கட்டப் போயிருந்தான்.

"கொஞ்சம் பெருசாத் தெரியும். ரெண்டு வாரம் படகுல உழைச்சா சரியாயிடும்" என்றாள். "திங்கக்கிழமை இதைப் போடச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கையில் வாங்கினால் பிசுபிசுவென்று இருந்தது. ஆட்டு வாடை, பாசி வாடை, உள்ளே இன்னும் ஈரம். என் அசரியா இதையா போட்டுக்கொண்டு போவது? சனிக்கிழமை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மஞ்சள் சோப்பைச் சீவிப் போட்டேன். பிசுக்கு போகிறவரைக்கும் இரண்டு கையாலும் தேய்த்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். அடுப்பின் கதவைத் திறந்து அதன்மேல் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று, முயல்குட்டி மாதிரி மெத்தென்று ஆயிற்று. சுருங்கியும் இருந்தது. என் கையை விட்டுப் பார்த்தேன். அடடா, இப்போதுதான் கையுறை மாதிரி இருக்கிறது, கச்சிதமாக, என்று சந்தோஷப்பட்டேன். அம்மாவைப்போலக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னாலேயே கார்லண்ட் மாமா வாசலில் சீழ்க்கை அடித்தார். அவர் படகில்தான் அசரியா போவான். ரொட்டிப் பையோடு கையுறையையும் சேர்த்துக் கொடுத்தேன். "மஹாலா அத்தை புதுசு குடுத்துட்டுப் போனாங்க" என்றேன். பொய் இல்லை. துவைத்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். போட்டுப் பார்த்ததும் சந்தோஷத்தில் அவனே கேட்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

கடலில் நடந்ததை கார்லண்ட் மாமா ஊருக்கெல்லாம் சொன்னார். படகில் ஏறி, நனைத்துப் பிழிந்து மாட்டியபோதே அசரியா, "என்ன மாமா, இந்த முறை அத்தை இறுக்கமாப் பின்னியிருக்கு" என்று சொன்னானாம். "தண்ணி பட்டா விட்டுக்குடுக்கும், போடு" என்றாராம் இவர். மதியம் வடமேற்குக் காற்று சட்டென்று இறங்கியது. நாலு மணி நேரம் காற்றை எதிர்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய் மாற்றி மாற்றி வந்தார்கள். மாமா சுக்கானில். அசரியா பாய்க்கயிற்றில். அந்தக் காற்றில் கயிற்றைக் கட்டிப்போட முடியாது. கட்டினால் படகு கவிழும். வலது கையால் பிடித்தபடியே இருந்திருக்கிறான். தெறித்த தண்ணீர் கையுறைமேல் பலகையாக உறைந்துவிட்டது. அவன் கையைப் பலகையில் அடிப்பதைப் பார்த்து, "கழட்டுடா, என்னோடத ஒண்ணு போட்டுக்க" என்று மாமா கத்தினாராம். கழற்ற வரவில்லை. கத்தியால் அறுத்து எடுத்தபோது விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன.

வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்து, அந்தக் காலத்து வழக்கப்படி கையைப் பனி வாளிக்குள் விட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இறுக்கமா இருந்துச்சு... இறுக்கமா இருந்துச்சு..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறை முழுக்கப் பெண்கள். லவீனியா மேசையிலிருந்து இடது கையுறையை எடுத்தாள். அது மட்டும்தான் முழுசாக இருந்தது. தன் கையில் போட்டுப் பார்த்தாள்.

"எனக்கே பத்தலயே! பாருங்கடி, ஒரு ஆம்பளக் கைக்குப் பின்ற அளவா இது?"

"பத்துப் பந்து நூல் குடுத்தோமே" என்றாள் அசரியாவின் அம்மா.

"அப்ப மிச்சம் எங்க போச்சு? அதைச் சொல்லச் சொல்லுங்க!"

அந்த நேரம் மஹாலா உள்ளே வந்தாள். யாரும் வழிவிடவில்லை, அவளே விலக்கிக்கொண்டு வந்தாள். நேரே அசரியாவிடம் போய், வாளியிலிருந்து அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு துணியைச் சுற்றி அவன் மடியில் வைத்தாள். லவீனியா கையுறையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மஹாலா அதை வாங்கினாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன மஹாலா, மோந்து பாத்தா பெருசாயிடுமா?" என்றாள் லவீனியா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஆட்டு வாடை இல்லை. எனக்குத் தெரியும். மஞ்சள் சோப்பு வாடைதான் இருந்தது, கடலில் ஒரு நாள் முழுக்க நனைந்தும் போகவில்லை. மஹாலா தலையைத் தூக்கி அடுப்புக் கதவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை அது. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல ஒரு பார்வை. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். என் வாய் திறந்தது. அசரியாவின் அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், "அழாதடி, உன் தலையெழுத்து, கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல" என்று தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. வாயை மூடிக்கொண்டேன்.

"பின்னல் என்னுதுதான்" என்றாள் மஹாலா. "சின்னதாத்தான் இருக்கு."

கையுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்துத் துறையிலிருந்து நர்ஸ் வந்து மூன்று விரல்களை எடுத்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக மஹாலா வீட்டுக்குப் போய்க் கம்பளியைத் திருப்பி வாங்கினார்கள். ஒவ்வொருத்தியுடையதும் தனித்தனிப் பையில் இருந்தது. லவீனியா பையைத் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே" என்றாளாம். மஹாலா பையோடு சேர்த்து அந்த ஆணியிலிருந்து முடிச்சு நூலையும் எடுத்துக் கொடுத்தாளாம். "இது உன் புருஷன் கை. யார் பின்னினாலும் இந்த மூணாவது முடிச்சு வரைக்கும் பின்னச் சொல்லு." லவீனியா அதை அடுப்பில் போட்டாள். லவீனியாவின் புருஷன்தான் கடையில் ஒருநாள் சின்ன ஆப்பிள் ஒன்றைப் பார்த்து முதல்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னான். சொல்லுக்கு நல்ல கால் இருந்தது. மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

ஏப்ரலில் மஹாலா வீட்டுக்குப் போனேன். யாரும் பார்க்காமல், ஆட்டுப்பாதை வழியாக. மேசைமேல் ஊசிகள் இல்லை, நூல் இல்லை. அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அத்தை, நான்தான் சோப்புப் போட்டு..."

"தெரியும். உக்காரு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? துவைக்காதன்னு நான் உனக்குச் சொல்லியிருக்கணும். காட்டுக் குருவின்னு வாய் நெறைய சிரிச்சேன், குருவிக்குக் கடல் தெரியாதுன்னும் நானே சொன்னேன், ஆனா சொல்லித் தரல. இந்தத் துறையில எவளுக்கும் அதைச் சொன்னதில்ல, பொறக்கும்போதே தெரியும் இவளுகளுக்கு. அது என் தப்பு. மிச்சம் உன் தப்பு."

"நான் எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிடறேன்."

"எல்லாரும் அப்புறம். முதல்ல அவன்கிட்ட சொல்லு. விரல் அவனோடது."

"அவன் என்னைத் திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பமாட்டான். கத்துவான். கதவை ஒதைப்பான். ரெண்டு நாள் திங்கமாட்டான். மூணாவது நாள் தின்னுவான். அசரியாவை எனக்குத் தெரியாதா?" டீயை என் பக்கம் நகர்த்தினாள். "உனக்காகத்தான் சொல்றேன்னு நெனைக்காத. எனக்காகவும்தான். மே மாசம் முதல் தபால் கப்பல்ல வான்னு என் தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கா. அவ வீட்டு மூலையில உக்காந்து அவ பேரப்பிள்ளைங்க மூக்கைத் தொடைக்க எனக்கு இஷ்டமில்ல. இந்த ஊர்ல முப்பது கை எனக்கு இருந்துச்சு. அது திரும்ப வந்தா நான் போகமாட்டேன்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மே மாதம் வரைக்கும் எனக்கு நேரம் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பினால், அசரியா இடது கையால் பூட்ஸ் கயிறு கட்டப் பழகிக்கொண்டிருந்தான். கட்டிவிட்டான். "பாரு ரோடா, பாரு!" என்று சின்னக் குழந்தை மாதிரி காலைத் தூக்கிக் காட்டினான். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் முதல்முதலாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் எப்படி அழிப்பேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் அவன் அம்மா வந்திருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு இருந்தது. எல்லாமே நல்ல சாக்குகள்.

நாற்பத்துமூன்று வருடமாயிற்று. அசரியா போய் எட்டுப் பனிக்காலம் ஆகிறது. நல்ல மனுஷன். அவனும் அந்தச் சொல்லைச் சொல்வான். நான் தட்டில் கொஞ்சமாக வைத்தால், "என்ன ரோடா, மஹாலா அளவா?" என்று அந்த இரண்டு விரல் கையால் என் முதுகில் தட்டுவான். நானும் சிரிப்பேன். சிரித்திருக்கிறேன். அதையும் எழுதுங்கள், விடாதீர்கள்.

அவள் போன நாளையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்துக் காலை. மூடுபனி இல்லை. தபால் கப்பல் முனையைத் திரும்பும்போதே முதல் சங்கு ஊதிவிட்டது. அசரியா மேசையில் உட்கார்ந்து, இடது கையால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கிழங்கைவிடத் தோல்தான் பருமன். கதவு திறந்தது. மஹாலா. கறுப்புக் கோட்டு, தோளில் மூட்டை, வாயில் புகையிலை இல்லாத பைப்.

"வாங்க அத்தை" என்றான் அசரியா. அவன் குரலில் பழைய பிரியமும் இருந்தது, அதன்மேல் ஒரு தோலும் இருந்தது. "கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேன். கையைக் காட்டு."

அவன் வலது கையை நீட்டவில்லை. அவளே பிடித்து எடுத்தாள். மூட்டையிலிருந்து ஒரே ஒரு கையுறையை எடுத்து மாட்டினாள். சாம்பல் நிறம், அவளுடைய சொந்த ஆட்டுக் கம்பளி. ஊரில் வேறு யார் நூலும் அதில் இல்லை. கட்டைவிரலுக்கு ஒரு அறை, ஆள்காட்டி விரலுக்கு ஒரு அறை, போன விரல்கள் இருந்த இடத்தில் குறுகலாக மடித்து, வெட்டிய விரல்களின் அடிக்கட்டைகளில் உரசாமல் உள்ளே இரட்டையாகப் பின்னியிருந்தாள். பனி வாளியிலிருந்து எடுத்து ஒரே ஒருமுறை பார்த்த கை அது. அதற்கு நூலும் பிடிக்கவில்லை, முடிச்சும் போடவில்லை.

அசரியா கையை மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான். இரண்டு விரலாலும் மேசையின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், கயிறு பிடிக்கிற மாதிரி.

"சரியா இருக்கு" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "இந்தத் தடவை அளவைக் கொறைக்கலயே, அத்தை."

மஹாலா மூட்டையை மறுபடி தோளில் போட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரோடா, இதுல கடல் தண்ணியைத் தவிர வேற தண்ணி படக்கூடாது. சோப்புப் போடாத. அடுப்புல காயவைக்காத. வச்சா சுருங்கிக் கையைக் கடிக்கும்." ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அப்பவே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். வெளங்குச்சா?"

அசரியா தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் இதைச் சொல்கிறாள் என்று அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவன் நிமிரவில்லை. கப்பல் இரண்டாம் சங்கு ஊதியது. மஹாலா நின்றாள். மூட்டையைத் தோள் மாற்றினாள். கப்பலுக்கு நேரமாகிறது, ஆனாலும் நின்றாள். எனக்காகத்தான் நின்றாள்.

"சரி, அத்தை" என்றேன்.

அவள் பைப்பை வாயிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். "நல்லா இருடி, காட்டுக் குருவி" என்றாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.